எடுப்பதா, காத்திருப்பதா, விட்டுவிடுவதா? பித்தப்பையும் புற்றுநோய் அச்சமும்

ஸ்கேன் எடுத்தது வேறு எதற்கோ. சிறுநீரகத்தையோ கருப்பையையோ பார்க்கப் போன இடத்தில், அறிக்கையின் நடுவே ஒரு வரி நிற்கிறது: "பித்தப்பையில் கல், 14 மி.மீ." அல்லது, "பித்தப்பைச் சுவரில் பாலிப், 7 மி.மீ." (பாலிப் என்பது சுவரிலிருந்து உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு சதை வளர்ச்சி.) அப்படியோர் உறுப்பு உடம்பில் இருப்பதையே அதுவரை நினைத்துப் பார்த்திராதவருக்கு அன்றிரவு தூக்கம் வருவதில்லை. ஒரு மருத்துவர், "எடுத்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர், "இதற்கெல்லாம் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார். மூன்றாமவர், "ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்கிறார். கேட்பவருக்கு இதில் யாரோ ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்றுமே நல்ல முடிவுகள்; ஆனால் வெவ்வேறு பித்தப்பைகளுக்கு. எந்தப் பித்தப்பைக்கு எது என்று பார்க்கவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. என் பெரியம்மாவைப் பித்தப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு இதைப் பற்றி விடாமல் படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் வருகிறவன்.

வலி வரட்டும் என்று இருக்க முடியாது

பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பை. நீளம் 7 முதல் 10 செ.மீ. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைத் தேக்கி வைத்து, கெட்டியாக்கி, நாம் சாப்பிட்டதும் குடலுக்குள் பிழிந்துவிடுகிறது. அதன் சுவரின் தடிமன் 3 மி.மீ.க்குள்தான். குடலிலும் இரைப்பையிலும் உட்சவ்வுக்கும் தசைக்கும் நடுவே ஓர் அடிப்படலம் உண்டு. பித்தப்பையில் அது கிடையாது. கல்லீரலோடு ஒட்டிய பக்கத்தில் வெளியுறையும் கிடையாது. ஆகவே உட்சவ்வில் தோன்றும் புற்று வெகுதூரம் போக வேண்டியதில்லை. மெல்லிய தசையைத் தாண்டினால் அடுத்து கல்லீரல்தான்.

இவ்வளவும் நடக்கும்போது வலிப்பதில்லை. பசியின்மை, எடை குறைவது, மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, வலது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும் கட்டி என்று நாம் அறிகுறிகளாகப் படிப்பவை பெரும்பாலும் நோய் பித்தப்பையை விட்டு வெளியேறிய பிறகே வருகின்றன. 2022ல் உலகெங்கும் சுமார் 1,22,000 பேருக்கு இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அதற்குப் பலியானவர்கள் சுமார் 89,000 பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இருக்கும் இடைவெளி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஐந்தில் ஒருவருக்குத்தான் நோய் தொடக்க நிலையில் தெரிய வருகிறது. அப்படித் தெரிய வருபவர்களிலும் பலருக்கு யாரும் புற்றுநோயைத் தேடவில்லை. கல்லுக்காக எடுத்த பித்தப்பையை ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது அகப்பட்டது.

மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் இருப்பதுபோல், நலமாக இருக்கும் எல்லோருக்கும் வரிசையாகச் செய்யக்கூடிய முன்சோதனை எதுவும் பித்தப்பைக்கு இல்லை. ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. உட்சவ்வின் செல்கள் நெடுநாள் உறுத்தலால் உருமாறத் தொடங்கி முழுப் புற்றாக ஆவதற்குப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்தக் காலத்துக்குள் ஆபத்தான பித்தப்பையை அடையாளம் கண்டுகொள்வதுதான் இங்கே "முன்கூட்டியே கண்டறிதல்" என்பதற்கு உண்மையான பொருள். அதனால்தான் ஸ்கேன் அறிக்கையின் அந்த ஒரு வரிக்கு இவ்வளவு மதிப்பு.

வலிக்காத கல்

பித்தப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் 70 முதல் 90 விழுக்காட்டினருக்குக் கல்லும் இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் படித்தால் கல் உள்ள எல்லோரும் நாளைக்கே அறுவை அரங்குக்கு ஓட வேண்டும் என்று தோன்றும். அதே கணக்கைத் திருப்பிப் படியுங்கள்: கல் உள்ளவர்களில் வாழ்நாளில் இந்தப் புற்றுநோய் வருகிறவர்கள் நூற்றுக்கு அரை முதல் மூன்று பேர், பல நாடுகளில் ஒருவருக்கும் குறைவு. இரண்டு கணக்கும் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்பது என் கருத்து.

வலியே தராத கல்லை விட்டுவைத்தால், ஆண்டுக்கு நூற்றில் 1 முதல் 4 பேருக்கு வலியோ வேறு தொல்லையோ தொடங்குகிறது. மற்றவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். மறுபக்கம், லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது வயிற்றில் சிறு துளைகள் வழியே, பித்தப்பையை எடுப்பது பாதுகாப்பானதுதான். ஆனாலும் ஆபத்தே இல்லாதது அன்று. ஆயிரத்தில் ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தக்குழாயில் காயம் ஏற்படுகிறது. அது நேர்ந்தவர்களுக்குப் பெரிய அறுவைகளும் மாதக்கணக்கான துன்பமும் காத்திருக்கின்றன. சிலருக்குப் பிறகு வயிற்றுப்போக்கு நீடிக்கிறது. இந்த இரண்டு தட்டுகளையும் நிறுத்திப் பார்த்துத்தான், வலிக்காத சாதாரணக் கல்லுக்குப் பெரும்பாலான நாடுகளின் வழிகாட்டுதல்கள் "விட்டுவிடுங்கள்" என்கின்றன.

அதே தராசில் சிலி நாடு வேறு முடிவை எடுத்தது. உலகிலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாகத் தாக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே மபூச்சே பழங்குடிப் பெண்களிடையே இன்னும் அதிகம். 2006 முதல், 35 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பித்தக்கல் கண்டறியப்பட்டால், புற்றுநோயைத் தடுக்கவே பித்தப்பையை எடுத்துவிடும் சிகிச்சையை அந்நாட்டுச் சட்டம் உறுதிப்படுத்துகிறது. அந்த வயது வரம்பைக் கவனியுங்கள். புற்றுநோய் பெரும்பாலும் அறுபதைக் கடந்த பிறகே தலைகாட்டுகிறது. அவர்கள் அதற்கு இருபது ஆண்டு முன்னதாகவே, செல்கள் உருமாறிக்கொண்டிருக்கும் காலத்திலேயே போய் மறிக்கிறார்கள். ஒரே கல், நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறுவதற்குக் காரணம், கல்லுக்குப் பின்னால் நிற்கும் ஆபத்து நாட்டுக்கு நாடு மாறுவதுதான்.

அப்படியானால் வலிக்காத கல்லிலும் எதை எடுக்கச் சொல்லலாம்? அளவு முதலில் வரும். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல் உள்ளவர்களுக்கு, 1 செ.மீ.க்குக் குறைந்த கல் உள்ளவர்களைவிடப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய பத்து மடங்கு என்று 1980களிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய கல் ஒரே நாளில் உருவாவதில்லை. அந்தச் சுவரை அது எத்தனை ஆண்டுகளாக உரசிக்கொண்டிருக்கிறது என்பதற்கும் அந்த அளவே சாட்சி. கல்லோடு பாலிப்பும் இருப்பது, கல்லோடு சுவரும் தடித்திருப்பது, நோய் அதிகமுள்ள வட்டாரத்தைச் சேர்ந்த குடும்பம், நெருங்கிய உறவில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருப்பது ஆகியவை தட்டை எடுப்பதன் பக்கம் சாய்க்கும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு ஆபத்து அதிகம். உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும். ஆனால் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி யாருக்கும் கத்தி வைக்கக் கூடாது.

கல் ஏற்கெனவே வலி கொடுத்திருந்தால் ஒப்பிட வேண்டியதே இல்லை. ஒரு முறை வலித்த கல் மறுபடி வலிக்கும், எடுப்பதே சரி. புற்றுநோய் அச்சம் அந்த முடிவுக்குத் தேவையில்லை.

பாலிப்: இரண்டு வழிகாட்டிகள், இரண்டு பாதைகள்

உண்மையான குழப்பம் இங்கேதான். ஸ்கேனில் "பாலிப்" என்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை பாலிப்பே இல்லை. பித்தநீரிலிருந்து படிந்து சுவரில் ஒட்டிய கொழுப்புத் துளிகள். அவை புற்றாக மாறுவதில்லை. சிறுபான்மையானவைதான் அடினோமா எனப்படும் உண்மையான சதை வளர்ச்சிகள். அவற்றுள்ளும் சிலதான் புற்றாகின்றன. இரண்டும் திரையில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரிவதுதான் தொல்லை. ஆகவே அளவையும் வடிவத்தையும் வைத்து ஊகிக்கிறார்கள்.

ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் நான்கு சேர்ந்து 2022ல் புதுப்பித்து வெளியிட்ட வழிகாட்டுதல் அளவை முன்னால் வைக்கிறது. 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால், உடல்நிலை இடம் கொடுத்தால், எடுத்துவிடுங்கள். 6 முதல் 9 மி.மீ. என்றால் நான்கு கேள்விகள்: வயது அறுபதுக்கு மேலா? பித்தக்குழாய்கள் அழற்சியால் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய் இருக்கிறதா? ஆசியரா? பாலிப் காம்பில்லாமல் சுவரோடு படர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் எடுப்பதையே பரிந்துரைக்கிறது. எதுவுமில்லை என்றால் ஆறு மாதம், ஓராண்டு, இரண்டு ஆண்டு என மூன்று முறை ஸ்கேன்; வளராவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். 5 மி.மீ. வரை, ஆபத்துக் காரணி ஏதுமில்லை என்றால் தொடர் சோதனையே வேண்டாம்.

அதே 2022ல், அல்ட்ராசவுண்ட் துறைக் கதிரியல் மருத்துவர்களின் அமெரிக்கச் சங்கம் வெளியிட்ட இணக்க அறிக்கை வடிவத்தை முன்னால் வைக்கிறது. மெல்லிய காம்பில் தொங்கினாலோ, சுவரில் ஒட்டிய உருண்டைபோல் இருந்தாலோ, 9 மி.மீ. வரை எதுவும் செய்ய வேண்டாம் என்கிறது. காம்பு தடித்திருந்தாலோ அடி அகலமாகப் படர்ந்திருந்தாலோ, 7 முதல் 9 மி.மீ.க்கு ஓராண்டில் ஒரு ஸ்கேன் போதும். பாலிப்பை ஒட்டிய சுவர் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் கவலை கூடுகிறது, 7 மி.மீ. ஆனாலே அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறது. எந்த வடிவமானாலும் 15 மி.மீ. என்றால் அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. ஐரோப்பியருக்கு இரண்டு ஆண்டுக்குள் 2 மி.மீ. கூடினாலே மறுபரிசீலனை. அமெரிக்கருக்கு ஓராண்டுக்குள் 4 மி.மீ. கூடினால்தான் கவலை, இரண்டு மூன்று மி.மீ. ஏற்ற இறக்கம் இயல்பு என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 38, ஆசியர், மெல்லிய காம்பில் தொங்கும் 7 மி.மீ. பாலிப், ஒரு தொல்லையும் இல்லை. ஐரோப்பியக் கணக்கில் அவருக்கு அறுவை. அமெரிக்கக் கணக்கில் அவருக்கு மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. இதே பாலிப்பை வைத்துக்கொண்டு இரண்டு மருத்துவர்கள் இரண்டு திசையில் கை காட்டினால், இருவரிடமும் ஆளுக்கொரு நூல் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு அந்த "ஆசியர்" என்ற சொல்லோடு வழக்கு உண்டு. அதே ஐரோப்பிய வழிகாட்டுதலின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த இடத்தில் "இந்தியர்" என்று இருந்தது. பிறகு அது இன்னும் அகலமாகிவிட்டது. ஆனால் இந்தியாவுக்குள்ளேயே இந்தப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் கூடுதலாகவும், தென்பகுதியில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. இவ்வளவு வேறுபாடுகளை ஒரே சொல்லுக்குள் அடைத்து, அதைக் கொண்டு ஓர் உறுப்பை எடுக்கலாம் என்று முடிவு செய்வது முரட்டு அளவுகோல். அந்த 38 வயதுக்காரர் என் தம்பியாக இருந்தால் உடனே அறுவைக்கு அனுப்ப மாட்டேன். "ஒன்றும் வேண்டாம்" என்று விடவும் மாட்டேன். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ஸ்கேன் எடுக்கச் சொல்வேன். அதே 7 மி.மீ., வயது 64, காம்பில்லை, பக்கத்துச் சுவர் தடித்திருக்கிறது என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட விட மாட்டேன். அந்த நிலையில் இரண்டு வழிகாட்டிகளும் ஒரே திசையில்தான் கை காட்டுகின்றன.

பி.எஸ்.சி. உள்ளவர்களுக்குக் கணக்கே தனி. அவர்களுக்கு ஆண்டுதோறும் ஸ்கேன் வேண்டும். பாலிப் 8 மி.மீ. ஆனதுமே எடுப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

தடித்த சுவரும் சுண்ணாம்பு படிந்த சுவரும்

சுவர் தடித்திருக்கிறது என்றால் உடனே புற்று என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனாலே பை சுருங்கிச் சுவர் தடித்துக் காட்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வது அதனால்தான். கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு போன்றவற்றிலும் தடிக்கும். சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணமே. ஓரிடத்தில் மட்டும், ஒழுங்கற்றுத் தடித்திருந்தால் அதை விடக் கூடாது.

சுவரில் சுண்ணாம்பு படிந்து பீங்கான்போல் ஆவதும் உண்டு. பழைய நூல்கள் இதில் பாதிப் பேருக்குப் புற்று வரும் என்கிற அளவுக்கு அச்சுறுத்தின. பிந்தைய ஆய்வுகள் அந்த ஆபத்தை நூற்றுக்கு ஆறு, ஏழு என்ற அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. சுவர் முழுவதும் ஓடுபோல் இறுகியிருப்பதைவிட, உட்சவ்வில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகப் படிந்திருப்பதுதான் கூடுதல் ஆபத்து. வயதானவர், இதயம் பலவீனம் என்றால் முழுவதும் ஓடுபோல் இறுகிய பையை விட்டுவைப்பதில் தவறில்லை. இளையவர், திட்டுகள் என்றால் எடுப்பதே மேல்.

இன்னும் இரண்டு காரணங்கள். பித்தக்குழாயும் கணையக்குழாயும் குடலுக்குள் நுழையும் முன்பே சேர்ந்துகொள்ளும் பிறவிக் கோளாறு ஒன்று உண்டு. கணையநீர் பின்னோக்கி ஏறிப் பித்தப்பையை நெடுங்காலம் அரிக்கிறது. கல் இல்லாமலே, ஒப்பீட்டளவில் இளம் வயதிலேயே புற்று வரக்கூடும் என்பதால், இது தெரிந்தவுடன் பித்தப்பையை எடுத்துவிடுவதே வழக்கம். மற்றொன்று டைபாய்டு. காய்ச்சல் தணிந்த பிறகும் சிலருக்குக் கிருமி பித்தப்பையில், குறிப்பாகக் கற்களின் மேல் படலம் கட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அவர்களுக்கும் ஆபத்து கூடுதல். டைபாய்டு வந்துபோன வரலாறும் பித்தக்கல்லும் சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்தச் சோதனை எதற்கு

அல்ட்ராசவுண்டைச் சிலர் மலிவான சோதனை என்று ஒதுக்கிவிட்டு நேரே சிடி கேட்கிறார்கள். பித்தப்பை விஷயத்தில் இது தலைகீழ். கல்லைக் காட்டுவதில் அல்ட்ராசவுண்டை விஞ்ச எதுவும் இல்லை. கற்களில் கணிசமானவை சிடியில் தெரிவதே இல்லை. நோயாளியைப் புரண்டு படுக்கச் சொன்னால் கல் உருளும், பாலிப் அசையாது. கல்லுக்குப் பின்னால் நிழல் விழும், பாலிப்புக்கு விழாது. இவ்வளவு எளிய வித்தை, கதிர்வீச்சும் கிடையாது. குறை எங்கே என்றால் பார்ப்பவரின் கையில். ஒருவர் 6 மி.மீ. என்று அளந்ததை இன்னொருவர் 8 மி.மீ. என்று அளக்கலாம். கெட்டிப்பட்ட பித்தக்கசடு கட்டிபோல் ஏமாற்றலாம். ஆகவே முடிவே மாறிவிடும் எல்லையில் அளவு நிற்கும்போது, பித்தப்பையை நன்கு பார்த்துப் பழகிய ஒருவரிடம் அதே சோதனையை மறுபடி எடுப்பதையே முதலில் செய்யச் சொல்வேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால் எண்டோஸ்கோப்பி வழியே இரைப்பை, சிறுகுடல் பக்கமிருந்து பார்க்கும் எண்டோசோனோகிராம் நல்ல துணை; பித்தப்பைக்கு வெகு அருகில் போய்ச் சுவரின் அடுக்குகளையே காட்டும். ஆனால் மயக்கம் கொடுக்க வேண்டும், பழகிய கை வேண்டும். எல்லா 6 மி.மீ. பாலிப்புக்கும் இது தேவையில்லை. சிடியும் எம்ஆர்ஐயும் வேறு கேள்விக்கு விடை சொல்பவை: புற்று என்ற சந்தேகம் வலுத்த பிறகு, அது கல்லீரலுக்குள் இறங்கியிருக்கிறதா, நிணநீர்க் கணுக்களுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் பரவியிருக்கிறதா, குழாய்களின் அமைப்பு எப்படி என்று தெரிய அவை வேண்டும். 4 மி.மீ. பாலிப்புக்குச் சிடி எடுப்பது வீண்.

இரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 19-9 பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழு உடல் பரிசோதனைப் பொதிகளில் இதைச் சேர்த்து விற்கிறார்கள். பித்தக்குழாய் அடைபட்டாலே, தொற்று வந்தாலே, புற்று இல்லாதவர்களுக்கும் இது எகிறும். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருடைய உடல் பிறவியிலேயே இந்தப் பொருளைச் சுரப்பதில்லை. அவர்களுக்குப் புற்று முற்றியிருந்தாலும் எண் சாதாரணமாகவே வரும். எண் கூடினால் வீண் பீதி, குறைந்தால் பொய்யான நிம்மதி. நோய் உறுதியான பிறகு சிகிச்சையின் போக்கைப் பார்க்க இது உதவும். நலமாக இருப்பவருக்கு முன்சோதனையாக இதை எடுக்கவே வேண்டாம்.

ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்த்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அறுத்தெடுக்கக்கூடிய நிலையில் உள்ள பித்தப்பைக் கட்டியில் அறுவை மருத்துவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். ஊசி போன வழியில் புற்றுச் செல்கள் சிந்திப் பரவலாம். அறுத்தெடுக்க முடியாத நிலையில், மருந்து சிகிச்சை தொடங்கும் முன் உறுதி செய்யவே ஊசி.

எடுப்பது என்று முடிவானால்

இங்கேயும் ஓர் ஒப்பீடு இருக்கிறது. பலரும் அதைச் செய்வதில்லை. கல்லுக்கோ சிறிய பாலிப்புக்கோ என்றால் வழக்கமான லேப்ராஸ்கோப்பி போதும். ஆனால் ஸ்கேனைப் பார்த்தே புற்றுச் சந்தேகம் வலுவாக எழுந்தால், எங்கே அறுவை செய்துகொள்கிறோம் என்பது உயிர் சார்ந்த கேள்வி. பை கிழிந்து பித்தநீர் வயிற்றுக்குள் சிந்தினால், நல்ல நிலையில் இருந்த நோய் கைமீறிப் போகலாம். சந்தேகம் உள்ளவர்கள் கல்லீரல், பித்தக்குழாய் அறுவையில் பழகியவர்களிடமே முதல் அறுவையைச் செய்துகொள்வது நல்லது. தேவைப்பட்டால் கல்லீரலின் ஒரு பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் அதே அமர்வில் எடுக்க அவர்களால் முடியும்.

என் பெரியம்மாவுக்கு அப்படிப்பட்ட சந்தேகம் எதுவும் இருக்கவில்லை. கல் வலித்தது, எடுத்தார்கள். மறுநாள் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் கற்களைப் போட்டு எங்கள் கையில் கொடுத்தார்கள். மஞ்சளும் பழுப்புமாக ஏழெட்டுக் கற்கள். வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினோம். பை எங்கே போயிற்று என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அது ஆய்வகத்துக்கு அனுப்பப்படவே இல்லை என்பது பதினான்கு மாதம் கழித்து, கண்கள் மஞ்சளாகி வேறு மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. அங்கே கேட்ட முதல் கேள்வியே, "பித்தப்பையின் திசுப் பரிசோதனை அறிக்கை எங்கே?" என்பதுதான். பெரியம்மா எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பையில் அன்றே நோய் இருந்ததா என்று சொல்ல இனி வழியில்லை.

கல்லுக்காக எடுக்கப்படும் பித்தப்பைகளில் ஆயிரத்தில் சிலவற்றில் எதிர்பாராமல் புற்று அகப்படுகிறது. சில நாடுகளில், பார்வைக்கு இயல்பாகத் தெரியும் பையை ஆய்வுக்கு அனுப்ப வேண்டாம் என்ற வழக்கம் வந்திருக்கிறது. செலவும் ஆய்வக நெருக்கடியும் அவர்கள் சொல்லும் காரணங்கள். நோய் அரிதான இடத்தில் அது நியாயமாக இருக்கலாம். ஆனாலும், தனி ஒருவர் தன் பையைப் பற்றி முடிவெடுக்கும்போது, அனுப்புவதையே நான் சொல்வேன். அறுவைக்கு முன்பே, ஒப்புதல் தாளில் கையெழுத்திடும்போதே, "பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவீர்கள் அல்லவா?" என்று கேட்டுவிடுங்கள். எந்த நல்ல மருத்துவரும் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காத்திருப்பது என்று முடிவானால்

தேதி குறிக்காத காத்திருப்பு, விட்டுவிடுவதற்குச் சமம். "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினால், எந்த மாதம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை அதே இடத்தில், அதே வகைக் கருவியில் எடுங்கள். அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொள்ளாமல் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். பழைய படத்தை அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் 6 என்பது 8 ஆனதா, அளந்தவர் மாறினாரா என்பது தெரியும். பாலிப் மறைந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது கொழுப்புத் துளியாகவே இருந்திருக்கும். இடையில் காமாலை, காரணமில்லாத எடை இழப்பு, வலப்புறம் விடாத வலி என எது வந்தாலும் குறித்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கல்லைக் கரைக்கும் மருந்துகளையும் "பித்தப்பைச் சுத்திகரிப்பு" பானங்களையும் இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை. கொழுப்புக் கற்களில் சிறியவற்றைச் சில காலம் கரைக்கும் மருந்து ஒன்று உண்டு. நிறுத்தினால் பலருக்குக் கல் திரும்பிவிடுகிறது. பானங்கள் கல்லையும் கரைப்பதில்லை, பாலிப்பையும் குறைப்பதில்லை. அவற்றால் நேரும் கேடு, ஸ்கேனுக்குப் போக வேண்டிய மாதம் தவறிப்போவது.

திசு அறிக்கை கையில் வந்த பிறகு

அறிக்கை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். தையல் பிரிக்கப் போகும்போதே கேட்டு வாங்குங்கள். யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று இருக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு அதில் "நாள்பட்ட அழற்சி" என்று மட்டும் இருக்கும். அத்தோடு முடிந்தது.

அரிதாக, எதிர்பாராத சொல் வந்துவிட்டால், புற்று எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். டி1ஏ என்றிருந்தால் அது உட்சவ்வைத் தாண்டவில்லை. வெட்டிய ஓரம் சுத்தமாக இருந்து, பை கிழியாமல் வெளியே வந்திருந்தால் நடந்த அறுவையே சிகிச்சை. அவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். டி1பி என்றால் தசைக்குள் இறங்கியிருக்கிறது. அதற்கும் மேற்பட்ட நிலைகளுக்கும், பரவவில்லை என்று ஸ்கேனில் உறுதியானால், கல்லீரலின் ஒட்டிய பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் எடுக்கும் இரண்டாம் அறுவையைப் பரிந்துரைப்பார்கள். ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் அறுவைக்குப் பிறகு நான்கு முதல் எட்டு வாரங்களுக்குள் அதைச் செய்தவர்களுக்குப் பலன் மேலாக இருந்தது. அந்த வாரங்களுக்குள் செய்ய வேண்டியவை மூன்று: திசுக் கண்ணாடித் துண்டுகளை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுவது, முதல் அறுவையில் பை கிழிந்ததா என்று அறுவைக் குறிப்பில் எழுதி வாங்குவது, கல்லீரல் அறுவை செய்பவரிடம் நேரம் குறிப்பது.